பதினேழாம் டைரியிலிருந்து திருடிய வாக்கியம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது.

திருடிய பொருள் இதுதான்: 'பிள்ளை என் விரலைக் கடித்துவிட்டது. கிழிந்துவிட்டது. வேறு மாற்றிக்கொண்டேன்.'

(தலைப்பில் ஒரு வாக்கியம் என்று சொல்லிவிட்டு இங்கே மூன்றைக் காட்டுகிறாயே என்பீர்கள். எழுதியவள் முற்றுப்புள்ளியே வைக்கவில்லை. புள்ளிகள் மூன்றும் என் கைங்கரியம்.)

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் தட்டச்சு செய்கிறேன். நாலு மாத வேலை. நாற்பது அம்மாக்கள், அவர்களுடைய நாற்பது சின்னப் பிள்ளைகள். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தால் ஒரு ஜோடி. முதல் மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும், வாய்க்குள் போனதையெல்லாம் டைரியில் எழுத வேண்டும். நான்காம் நாள் காலையில் இருவரும் ஆளுக்கொரு குப்பியில் சிறுநீர் தர வேண்டும். அடுத்த மூன்று நாள் பாக்கெட், டப்பா, பிளாஸ்டிக் கவர் எதிலும் வந்த சாப்பாடு கூடாது. கண்ணாடியும் எவர்சில்வரும்தான். அதன் பிறகு இன்னொரு குப்பி. சாப்பாட்டைச் சுற்றி வரும் உறையிலிருந்து எவ்வளவு ரசாயனம் உடம்புக்குள் போகிறது, உறையை விட்டுவிட்டால் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு.

டைரிகள் என் மேசைக்கு வரும்போது பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள்: நேரம், என்ன சாப்பாடு, எந்தப் பாத்திரம், எங்கே வாங்கியது. பதினேழாம் அம்மா நான்கையும் ஒழுங்காக நிரப்பிவிட்டு, ஓரத்து வெள்ளையில் பொடி எழுத்தில் மேற்படி வாக்கியத்தை எழுதியிருந்தாள். கணினியில் அதற்குக் கட்டம் கிடையாது. கட்டமில்லாததைத் தட்டச்சு செய்ய எனக்கு உத்தரவும் கிடையாது. ஆகவே அதை என் சொந்த நோட்டில் எழுதிக்கொண்டேன். கதைக்கு ஆகும் என்று.

எனக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்ன கிழிந்தது? எதை மாற்றிக்கொண்டாள்? விரலையா மாற்ற முடியும்? இப்படி ஒரு வாக்கியம் கைக்குக் கிடைத்தால் எழுதுகிறவள் எவளாவது சும்மா இருப்பாளா?

2

உடனே எழுத உட்கார்ந்தேன். கிடைத்த தொடக்கங்கள்:

தொடக்கம் ஒன்று: 'அந்த வீட்டில் ஒரு டப்பாகூட இல்லை. அலமாரிகள் காலியாக'

(நிறுத்திவிட்டேன். காலி அலமாரியைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது?)

தொடக்கம் இரண்டு: 'பற்கள் முளைக்கிற வயதில் உலகம் முழுவதுமே கடிப்பதற்காகத்தான்'

(இது வேண்டாம். தத்துவம் வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறது.)

தொடக்கம் மூன்று: 'அவள் ஒரு பொய்க்காரி.'

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏனென்றால் அதற்குள் முடிவுகள் வந்துவிட்டிருந்தன. முப்பத்தொன்பது ஜோடிகளுக்கு ரசாயன அளவைக் காட்டும் எண் இறங்கியிருந்தது. சிலருக்குப் பாதிக்கும் கீழே, சிலருக்குக் கொஞ்சம். பதினேழுக்கு மட்டும் ஏறியிருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் ஏற்றம். பிள்ளைக்கு இரண்டு மடங்கு.

* இரண்டு மடங்கு என்றால் ஆபத்தா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். "இந்த ஒரு நம்பரை வெச்சு இந்த ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா ஏறக்கூடாது" என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர். நாங்கள் அவரை மேடம் என்போம்.

டைரியில் முழுக்க கண்ணாடிக் கிண்ணம், எவர்சில்வர் தட்டு. சிறுநீரில் பிளாஸ்டிக்கை மெத்தென்று வளைய வைக்கும் ரசாயனம். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. சிறுநீருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கதை என் மடியில் வந்து விழுந்துவிட்டதாக நினைத்தேன்.

3

ஆக, என் பதினேழாம் அம்மாவை இப்படிப் படைத்தேன்:

'காலையில் எழ மாட்டாள். பிள்ளை அழுதால் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுப்பாள். சாயங்காலம் டைரியை எடுத்து, நடக்காத சமையலை ஒன்றுவிடாமல் எழுதுவாள். எழுதும்போது உதட்டில் ஒரு'

இந்த இடத்தில் என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருங்க இந்தப் பொம்பளை?"

நர்ஸக்கா. வீடு வீடாகப் போய்க் குப்பிகளை வாங்கிவருவது அவர்தான். மத்தியானம் என் மேசையின் ஓரத்தில்தான் சாப்பிடுவார். நான் எழுதுவதை எட்டிப் பார்ப்பதும் அவருக்கு அந்தச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று.

"பதினேழு" என்றேன்.

"பதினேழா? நல்லாயிருக்கே கதை! அந்தப் பொண்ணு டைரி குடுத்த அன்னைக்கே மூணு பேனா வாங்கி வெச்சிருந்துச்சு. ஒண்ணு தீர்ந்துட்டா இன்னொண்ணுன்னு. நீங்க என்னடான்னா படுக்கப் போட்டுட்டீங்க."

"கதைதான் அக்கா. கற்பனை."

"கற்பனைன்னா நல்ல மாதிரி பண்ணக் கூடாதா? காசா பணமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சந்தேகமும் வந்துவிட்டது. எழுதுகிறவளுக்குச் சந்தேகம் வந்தால் பாத்திரம் உடனே மெலிய ஆரம்பித்துவிடும். பதினேழாம் ஜோடியின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு: இந்த ஆய்வில் ஏன் சேர்ந்தீர்கள்? பெரும்பாலானவர்கள் 'தெரிந்துகொள்ள' என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தார்கள். அவள் எழுதியிருந்தது:

'நான் சாப்பாட்டுக் கடையில் பார்சல் கட்டுகிறேன். மிஞ்சியதை டப்பாவோடு கொடுப்பார்கள். பிள்ளை அதைத்தான் சாப்பிட்டு வளர்கிறான். அவனுக்கு என் வேலையால் ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.'

ஃபைலை மூடி வைத்தேன். என் சோம்பேறி அம்மாவை அடித்துவிட்டேன். முழுப் பக்கத்தையும். (மேலே விட்டு வைத்திருப்பது என் வெட்கத்துக்காக.)

"தினமும் சாப்பாட்டு நேரத்துல எனக்கு போன் பண்ணுது" என்றார் நர்ஸக்கா. "நம்பர் வந்துடுச்சாக்கா, குறைஞ்சிருக்காக்கான்னு. நான் இன்னும் வரலன்னு சொல்லிட்டிருக்கேன். எத்தனை நாளைக்குச் சொல்றது?"

4

மறுநாள் மேடம் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார். கடிதம் சின்னது. 'தாங்கள் விதிமுறைகளைப் பின்பற்றாத காரணத்தால் தங்கள் முடிவுகள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

பின்பற்றவில்லை என்றும் சொல்கிறது, ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் சொல்கிறது. கதையில் நான் இப்படி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

மேடம் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் அவரை வில்லியாக்கிவிடுவீர்கள். எனக்கே அந்த ஆசை இருந்தது, கதைக்கு ஒரு வில்லி வேண்டியிருந்தது. ஆனால் அவருடைய இடத்தில் இருந்து பாருங்கள். முப்பத்தொன்பது பேர் ஒரு பக்கம், ஒருத்தி மறுபக்கம். டைரியில் தப்பு எதுவும் இல்லை. தப்பு இல்லாத டைரியில் எண் ஏறினால் டைரியைத்தான் சந்தேகப்பட முடியும்.

அந்தக் கடிதம் பதினேழாம் வீட்டுக் கதவைத் தட்டும். பயத்தோடு சேர்ந்த ஒருத்தி அதைப் பிரித்துப் படிப்பாள். நர்ஸக்காவிடம் எண்ணையும் கேட்டு, தன் பிள்ளைக்கு அது ஏறியதற்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொள்வாள். எதைச் செய்தோம், எதைச் செய்தோம் என்று ஆயுசுக்கும் யோசிப்பாள். இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அதுதான், வேறொன்றும் இல்லை. ஓர் அம்மா தன்னைப் பற்றி என்ன நம்பப்போகிறாள் என்பது.

நான் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். அச்சடித்தும் வைத்தேன். உறையில் போடவில்லை.

5

இப்போது வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இதை எழுதும்போது நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. எழுந்து நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்து, நர்ஸக்கா குளிர்பெட்டியிலிருந்து குப்பிகளை எடுத்து அடுக்கத் தயாரானார். பக்கத்து மேசையிலிருந்த அட்டைப் பெட்டியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் கையுறை ஒன்றை உருவி மாட்டினார். நகம் பட்டது. சர்ரென்று ஒரு சத்தம்.

"அட, கிழிஞ்சிருச்சு. இருங்க, வேற மாத்திக்கறேன்."

நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"அக்கா, என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? கிழிஞ்சிருச்சுன்னேன். ஒரு கையுறைக்கு இப்படியா பதறுவீங்க?"

பிள்ளை என் விரலைக் கடித்துவிட்டது. கிழிந்துவிட்டது. வேறு மாற்றிக்கொண்டேன்.

"அக்கா! இந்தப் பெட்டியை வீடுகளுக்குக் கொடுத்தீங்களா?"

"பின்னே? குப்பி பிடிக்கறதுக்கு. வீட்டுக்கு ஒரு பெட்டி. ஆறேழு கையுறை போதும், ஆனா நூறு நூறாத்தான் வருது. என்ன பண்றது, பெட்டியோட குடுத்துட்டேன். ஒரு வீட்ல அதை மாட்டிக்கிட்டுத் தலைக்குச் சாயம் பூசிக்கிட்டாங்க. இன்னொரு வீட்ல ஊதி பலூன் கட்டிட்டாங்க. பிள்ளைக்குப் பிறந்தநாளாம்."

"பதினேழு?"

நர்ஸக்கா கையில் பாதி மாட்டிய கையுறையோடு அப்படியே நின்றார்.

"அந்தக் கடையில," என்று மெதுவாகச் சொன்னார், "கையுறை இல்லாம ஒரு ரொட்டித் துண்டைக்கூடத் தொட விட மாட்டாங்கன்னு சொல்லும். வெறுங்கையைப் பார்த்தா அன்னைக்கு வேலை போச்சு. கையுறைதான் சுத்தம்னு பழகின பொண்ணு."

நூறு கையுறை உள்ள பெட்டியைக் கொடுத்து, மூன்று நாள் மிகமிகக் கவனமாக இருக்கச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? நாலு குப்பி வேலைக்கு நூறா? இது சமைக்கத்தான், ஊட்டத்தான். டைரியை இழுத்துப் பிரித்தேன். உறையில்லாத மூன்று நாளில் ஒரு மத்தியானம்: 'உருளைக்கிழங்கை வெண்ணெய் போட்டுச் சுடச்சுட மசித்து ஊட்டினேன்.' சாயங்காலம்: 'முட்டை உதிர்த்து ஊட்டினேன்.' முதல் மூன்று நாளில் ஊட்டியது கரண்டியால். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கரண்டி. அதைத்தான் நாம் கூடாது என்று சொல்லிவிட்டோமே! அதனால் கையால் ஊட்டினாள். அந்த மெத்தென்ற கையுறைக்குள் இருந்த கையால். சூடும் வெண்ணெயும் சேர்ந்து கையுறையிலிருந்து உருவியதை ஒவ்வொரு வாயாக, அக்கறையாக.

எவ்வளவுக்கெவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாளோ அவ்வளவுக்கவ்வளவு எண் ஏறியிருக்கிறது.

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

6

(இந்தப் பகுதியை எழுதாமலே விட்டுவிட்டால் நான் துப்பறிவாளராகவே கதையை முடித்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்று முறை அடித்துவிட்டு, மூன்று முறை திரும்ப எழுதியிருக்கிறேன்.)

அம்மாக்களுக்குக் கொடுத்த விதிமுறைத் தாளை எழுதியது நான்தான்.

ஒரே தாள், இரண்டு பக்கம். முன்பக்கத்தின் தலைப்பு 'இந்த மூன்று நாட்களும்'. கீழே சாப்பாட்டு விதிகள் ஆறு. பின்பக்கத்தில் குப்பி பிடிக்கும் முறை, படத்தோடு. கையுறை வரி பின்பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் படம் பெரிதாகிவிட்டது, ஒரு வரிக்கு இடம் போதவில்லை. முன்பக்கத்தில் அடியில் இடம் சும்மா கிடந்தது. அழகாக உட்காரும் என்று அதைத் தூக்கி ஏழாவது விதியாக முன்பக்கத்தில் வைத்தேன். '7. இணைத்துள்ள கையுறையைப் பயன்படுத்தவும்.'

முப்பத்தொன்பது பேர் ஆறாவது விதியோடு தாளை மடித்து வைத்திருப்பார்கள். அவள் ஏழாவதையும் படித்தாள். ஏழாவதையும் செய்தாள். கையுறையைப் பிள்ளை கடித்துக் கிழித்தபோது, அதைச் சொல்ல வேண்டுமென்று ஓரத்தில் இடம் தேடி எழுதியும் வைத்தாள். அந்த வரியையும் நான் எடுத்து என் நோட்டில் பதுக்கிக்கொண்டேன்.

ஒரு கதாபாத்திரத்தைப் பொய்க்காரி என்று எழுதினேனே. யாரைப் பற்றி எழுதினேன் என்று இப்போது தெரிகிறது. வெட்கமாக இருந்தது. அதோடுகூட, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது. அவள் சுத்தம். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. அதை நிரூபிக்கிற தாள் என் கையிலேயே இருந்தது.

நோட்டையும் டைரியையும் விதிமுறைத் தாளையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். படம் பெரிதானது வரை.

அவர் ஓரத்து வரியை விரல் வைத்துப் படித்தார். இரண்டாவது தடவை படித்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பிவந்தார். கண்ணில் என்னைவிட வெளிச்சம்.

"சமையற்கட்டுல எல்லாத்தையும் எழுதச் சொன்னோம். கையை எழுதச் சொல்லவே இல்லையே! கட்டமே இல்லை பாருங்க! நூறு பேரை வெச்சுத் தேடினாக்கூட இப்படி ஒண்ணு கிடைச்சிருக்காது."

"அப்போ நீக்க வேண்டாமா மேடம்?"

"நீக்கறதா? முப்பத்தொன்பதோட சேர்க்க முடியாது. தனியா எழுதுவோம். உடனே அந்தப் பெட்டி கையுறையைச் சோதிச்சுப் பார்க்கணும். நிச்சயமாச் சொல்றதுக்கு முன்னாடி அது வேணும். அப்புறம் நீங்க, நாற்பது டைரியோட ஓரத்தையும் திரும்ப அடிங்க. ஒரு எழுத்து விடாம."

நான் கதவு வரை வந்த பிறகு கேட்டார்: "அந்தம்மாகிட்ட யார் சொல்றது?"

பெட்டியின் சோதனை நான்கே நாளில் வந்துவிட்டது. அதே ரசாயனம்தான்.

7

இனி முடிவுகள். கையில் மூன்று இருக்கின்றன.

முடிவு அ: புதிய கடிதம் போகிறது. 'சிறு குழப்பம் நேர்ந்தது, வருந்துகிறோம்.' யார் குழப்பம் என்று கடிதம் சொல்லாது. அவள் அது தன்னுடையது என்று எடுத்துக்கொள்வாள். நாங்கள் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப்

(இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

முடிவு ஆ: நான் நேரில் போகிறேன். கதவைத் திறக்கிறாள். பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், வாயில் விரல். நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவள் அழுகிறாள், நான் அழுகிறேன், நர்ஸக்கா மூக்கை உறிஞ்சுகிறார். நல்ல முடிவுதான். நர்ஸக்காவுக்குப் பிடித்தது இதுதான். "என்னை மட்டும் குண்டா எழுதிடாதீங்க" என்று நிபந்தனை வேறு.

முடிவு இ: உண்மையில் நடந்தது.

8

சாப்பாட்டு நேரத்தில் நர்ஸக்காவின் போன் அடித்தது. பார்த்தார். அணைக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"எழுதினது நீங்க. நீங்களே சொல்லுங்க."

வாங்கினேன். பின்னால் கடைச் சத்தம் கேட்டது. தட்டுகள், யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது, கவரைக் கட்டும் சரசரப்பு.

"அக்கா, நம்பர் வந்துடுச்சா?"

இவ்வளவு நாள் நான் எழுதிய குரல் வேறு. இது கொஞ்சம் கரகரப்பாக, அவசரமாக, சின்ன வயதாக இருந்தது. நான் யாரென்று சொன்னேன். பிறகு எண்ணைச் சொன்னேன். அவசரமாகக் கையுறையைச் சொன்னேன், ஏழாவது விதியைச் சொன்னேன், படத்தைச் சொன்னேன், ஓரத்து வரியைத் திருடியதையும் சொன்னேன். ஒரே மூச்சில் எல்லாம் கொட்டியது.

"அப்போ நான் தப்பாச் செய்யலையா?"

"இல்லைங்க."

"சொன்னபடிதானே செஞ்சேன்?"

"ஆமாங்க. சொன்னதுதான் தப்பு. சொன்னது நான்."

அவள் சிரித்தாள். ஆமாம், சிரித்தாள்! வாய்விட்டு. "அய்யோ, நம்பர் வரலைன்னதும் ஏதோ தப்பாகிடுச்சுன்னு நான் ஒரு வாரமாத் தூங்கலைங்க. பாலா, முட்டையா, தண்ணியான்னு. அந்தப் பய கையுறையைப் பார்த்தாலே கடிப்பான்ங்க. அவனுக்கு அது விளையாட்டு." எனக்கும் சிரிப்பு வந்தது. நர்ஸக்கா காதை போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். கதையை இங்கேயே முடித்திருக்க வேண்டும். இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனால் அவள் சிரிப்பு நின்றது.

"இப்பவும் கையில கையுறை போட்டிருக்கேங்க" என்றாள். "கடை கையுறை. இதுவும் அதே மாதிரிதான் இருக்கு. தினமும் சூடாக் கட்டறேன். பக்கத்துல குழந்தைங்க காப்பகத்துக்கும் சாப்பாடு இங்கேருந்துதான் போகுது."

அந்தக் கடைக் கையுறையை யாரும் சோதிக்கவில்லை. அது எதனால் ஆனது என்று எனக்குத் தெரியாது. கழற்றினால் அவளுக்கு வேலை போகும். உடம்பில் ஏறியது, நிறுத்தினால் சில நாளில் இறங்கிவிடும் என்று மேடம் சொல்லியிருக்கிறார், அது தெரியும். கடையில் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டால் என்ன ஆகும், அது தெரியாது.

"கொஞ்சம் இருங்க" என்றாள். கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு எதையோ தேடும் சத்தம். தாளைக் கிழிக்கும் சத்தம்.

"பேனா எடுத்துட்டேன். இப்ப என்ன பண்ணணும்னு ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்."

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். ஒரு முறை எழுதியாகிவிட்டது. ஏழு விதி.

போனை உங்களிடம் நீட்டுகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். அவள் முதல் எண்ணைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவள் அப்படியே செய்வாள்.